அம்மாவின் பாதம் எங்கே போனது?

கேள்வி: சென்ற மாதம் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. சித்தப்பா மகன் தன் கேமராவில் எடுத்த ஒரு படம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாலையோடு இருவரும் நிற்கும் முழு உருவப் படம். அதை 4×6, 5×7, 8×10, 12×15 என்று நான்கு அளவுகளில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். 4×6 மட்டும் நன்றாக வந்தது. 5×7-இல் தலையும் காலும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 8×10, 12×15 இரண்டிலும் அம்மாவின் பாதமே இல்லை. நானே போனில் ஒரு ஆப் வைத்து 8×10 என்று மாற்றிப் பார்த்தேன். பாதம் வந்துவிட்டது, ஆனால் இருவரும் குட்டையாக, குண்டாகத் தெரிகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் 8×10 ஃப்ரேம் வாங்கி வைத்துக்கொண்டு, படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்கிறான். அடுத்த வருடம் அங்கே போக விசா எடுக்க வேண்டும், இதே படத்திலிருந்து அப்பா அம்மா முகத்தை வெட்டிக் கொடுக்கலாமா? தப்பு லேப்காரர் மேலா, என் மேலா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு ஒரிஜினல் ஃபைலையும் அனுப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று. திறந்து பார்த்தேன். அருமையான படம். அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் நிற்கிறார், அம்மா அவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கிறார். மஞ்சள் பூசிய பாதமும் மெட்டியும் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கின்றன. அதைப் பிரிண்டில் காணோம் என்றால் வருத்தமாகத்தான் இருக்கும்.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்ட அளவுகள் நான்கும் ஒரே வடிவம் இல்லை. அது உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. லேபில் இருந்தவருக்கு நிச்சயம் தெரியும். "8×10-இல் போட்டால் கால் போய்விடும், பரவாயில்லையா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். தினம் நூற்றுக்கணக்கில் ஃபைல் வரும் இடத்தில் மெஷின் பேப்பரை நிரப்புவதற்காகத் தானே வெட்டிக்கொள்ளும், யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் நான்கு பிரிண்டையும் கவரில் போடுகிறவர் ஒரு தடவை பார்த்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

சரி, வடிவத்துக்கு வருவோம். 4×6-ஐ இரண்டு மடங்காக்குங்கள். நான்கு எட்டாகும், ஆறு பன்னிரண்டாகும். ஆக 4×6-இன் சொந்த அண்ணன் 8×12. நீங்கள் கேட்ட 8×10 அந்தக் குடும்பமே இல்லை. ஒரு 8×12 தாளை எடுத்து அடியில் இரண்டு அங்குலம் மடித்துப் பாருங்கள், அதுதான் 8×10. மடிந்துபோன அந்த இரண்டு அங்குலத்தில்தான் அம்மாவின் பாதம் இருக்கிறது. 12×15-உம் அப்படித்தான்: 12×18-இல் மூன்று அங்குலம் குறைவு. இரண்டிலும் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறது. 5×7-இல் அரை அங்குலம்தான் போகும், பதினைந்தில் ஒரு பங்கு. அதனால்தான் அங்கே கால் தப்பித்தும் தப்பிக்காமல் நிற்கிறது.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. 8×10 என்பது பெரிய பெட்டிக் கேமராக்கள் காலத்து அளவு. அப்போது 8×10 அங்குல ஃபிலிமை அப்படியே பேப்பர் மேல் வைத்து அதே அளவில் பிரிண்ட் எடுத்தார்கள். அப்புறம் ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் சினிமா ஃபிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24×36 மில்லிமீட்டரில் படம் எடுக்கும் சின்னக் கேமராவைச் செய்தார். 1925-இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 24-க்கு 36 என்றால் இரண்டுக்கு மூன்று. உங்கள் சித்தப்பா மகனின் கேமரா உட்பட இன்றைய டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவை அந்த வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஃப்ரேம் கடைகளோ பழைய 8×10-ஐ விடவில்லை. அமெரிக்காவில் கடைக்குப் போனால் ரெடிமேடாக அதிகம் கிடைப்பது 5×7, 8×10, 11×14, 16×20 தான். உங்கள் அண்ணன் 8×10 வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன், மற்ற வாசகர்களுக்கும் உதவும். போனில் எடுத்த படம் வேறு வடிவம், பெரும்பாலும் மூன்றுக்கு நான்கு. அதில் 8×10 போட்டால் உயரத்தில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் போகும். ஆனால் 4×6, நம் ஊரில் மேக்ஸி சைஸ் என்கிறோமே, அது போட்டால் பக்கவாட்டில் பக்கத்துக்குக் கால் அங்குலம் வெட்டும். ஓரத்தில் நிற்கும் அத்தையின் தோள் போவது இப்படித்தான். போன் படத்துக்குச் சேதமில்லாத அளவுகள் 6×8, 12×16.

அடுத்தது நீங்கள் ஆப்பில் செய்தது. அகலத்தையும் உயரத்தையும் பூட்டி வைக்கும் சங்கிலிக் குறி ஒன்று அங்கே இருக்கும். அது கழன்றிருக்கும்போது 8, 10 என்று அடித்துவிட்டீர்கள். பன்னிரண்டு அங்குலத்தில் நிற்க வேண்டியவர்களைப் பத்து அங்குலத்துக்குள் அமுக்கிவிட்டது. அளவை மாற்றுவது வேறு, வெட்டுவது வேறு. அளவை மாற்றினால் உருவம் முழுசாக இருந்து பெரிதாகவோ சிறிதாகவோ ஆக வேண்டும், உடம்பு அகலக் கூடாது. ஒரு படம் அமுங்கியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, நெற்றிப் பொட்டைப் பார்ப்பேன். உங்கள் அம்மா வைத்திருப்பது வட்டமான குங்குமப் பொட்டு. ஒரிஜினலில் அது அச்சு வார்த்த மாதிரி வட்டம். நீங்கள் மாற்றி அனுப்பிய படத்தில் அது படுக்கைவாட்டில் நீண்டு முட்டை மாதிரி ஆகிவிட்டது. முகம் கொஞ்சம் அமுங்கினால் 'போட்டோவில் அப்படித்தான் விழுவேன்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம், பொட்டு அப்படி ஏமாற்றாது.

இப்போது உங்கள் படத்தை என்ன செய்வது என்று பார்ப்போம்.

ஃபைல் 4000-க்கு 6000 பிக்சல். அப்பாவின் தலைக்கு மேல் சுமார் 250 பிக்சல் காலியிடம், அம்மாவின் பாதத்துக்குக் கீழே சுமார் 150. மொத்தம் 400 தான் தாராளம். 8×10-க்கு 1000 பிக்சல் உயரத்தைக் கழித்தாக வேண்டும். ஆக முழு உருவத்தையும் வைத்துக்கொண்டு 8×10 பேப்பரை நிரப்பும் வழி இந்தப் படத்தில் கிடையாது. எந்த லேபும், எந்த ஆப்பும் அதைச் செய்ய முடியாது. இரண்டு வழிதான் உண்டு. முழு உருவம் வேண்டும் என்றால் பேப்பரை நிரப்பக் கூடாது. பேப்பர் நிரம்ப வேண்டும் என்றால் முழு உருவம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, தைரியமாக மேலே ஏறி வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், பாதத்தை மட்டும் லேசாக வெட்டினால் போதும் என்று நினைக்கும்போதுதான் படம் கெடுகிறது. கணுக்காலில் வெட்டுப்பட்ட படத்தைப் பார்த்தால் 'ஐயோ, கால் போச்சே' என்று தோன்றும். தொடைக்கு நடுவில் வெட்டிய படத்தைப் பார்த்தால் யாரும் காலைத் தேட மாட்டார்கள்.

முதல் வழி, வெள்ளை ஓரம். எனக்கு இதுதான் பிடிக்கும். 8×10 பேப்பரின் நடுவில் 6×9 அளவில் படத்தை வையுங்கள். பக்கத்துக்கு ஒரு அங்குலமும், மேலும் கீழும் அரை அரை அங்குலமும் வெள்ளை வரும். 6×9 உங்கள் படத்தின் சொந்த வடிவம், ஒரு பிக்சல் கூட வெட்டுப்படாது. 12×15-க்கு இதையே ஒன்றரை மடங்காக்குங்கள்: நடுவில் 9×13½, பக்கங்களில் ஒன்றரை அங்குலம், மேலும் கீழும் முக்கால். 5×7 இன்னும் அழகு. நடுவில் 4×6 வைத்தால் நான்கு பக்கமும் சமமாக அரை அங்குலம் வெள்ளை வரும், அளந்து செய்தது போல இருக்கும். இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. ஃப்ரேமின் உள் உதடு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய கால் அங்குலத்தை மறைக்கும். ஓரமில்லாத பிரிண்டில் அது படத்தைத் தின்னும். இங்கே வெள்ளையைத்தான் தின்னும்.

போன் ஆப்பில் இந்த ஓரத்தைத் துல்லியமாக வைப்பது கொஞ்சம் சிரமம். கணினியில் 2400-க்கு 3000 பிக்சலில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, அதன் நடுவில் படத்தை 1800-க்கு 2700 ஆக வைத்தால் 8×10 தயார். 12×15-க்குப் பக்கம் 3600-க்கு 4500, படம் 2700-க்கு 4050. ஆல்பம் டிசைன் செய்யும் எந்தப் பையனுக்கும் இரண்டு நிமிட வேலை. லேபில் கொடுக்கும்போது மட்டும், "பேப்பரை நிரப்ப வேண்டாம், ஃபைலில் இருக்கிறபடியே போடுங்கள்" என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மெஷின் உங்கள் வெள்ளை ஓரத்தையும் வேண்டாத இடம் என்று ஒரு பக்கம் சீவிவிட்டாலும் விடும்.

இரண்டாவது வழி, முக்கால் உருவம். எங்கே வெட்டுவது என்பதில் நான் ஒரே ஒரு விதியை விடாமல் பார்ப்பேன்: மூட்டில் வெட்டக் கூடாது. கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் எதிலும் கோடு விழக் கூடாது. புடவைக்குள் முழங்கால் தெரியாதே என்பீர்கள். தெரியாவிட்டாலும் அது எங்கே இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சற்று மேலே, தொடை நடுவில் போவது நல்லது.

ஆனால் உங்கள் படத்தில் கோட்டைத் தீர்மானிப்பது கால் இல்லை, மாலை. இருவர் கழுத்திலும் ரோஜா மாலை இருக்கிறது. அம்மாவின் மாலை கொஞ்சம் நீளம், நுனியில் ஒரு வெள்ளைக் குஞ்சம். அந்தக் குஞ்சத்துக்கு மேலே வெட்டினால் மாலை எங்கேயோ கீழே ஓடிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும், கண் அதன் பின்னாலேயே படத்துக்கு வெளியே போய்விடும். குஞ்சத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு வெட்டினால் மாலை முடிந்து, படமும் முடியும். நான் அளந்து பார்த்தேன். தலைக்கு மேல் 200 பிக்சல் விட்டு, குஞ்சத்துக்குக் கீழே வரை வந்தால் உயரம் 3650. 8×10 வடிவத்துக்கு அகலம் 2920. அந்த அகலத்தில் இரண்டு பேரின் தோளும் அடங்கி, இரண்டு பக்கமும் மூச்சு விட இடம் இருக்கிறது. பின்னால் நிற்கும் மாமாவின் அரை முகமும், தரையில் கிடக்கும் மின்விசிறி ஒயரும் தாமாகவே வெளியே போய்விடுகின்றன. அண்ணனுக்கு இதை அனுப்பலாம் என்பது என் எண்ணம். முகம் பெரிதாகத் தெரியும், மேஜை மேல் வைக்கிற படத்துக்கு அதுதான் வேண்டும்.

அப்பாவின் தலைக்கு மேல் அந்த 200 பிக்சலைக் குறைக்காதீர்கள். அண்ணன் ஃப்ரேமுக்குள், நடுவில் துளையிட்ட அட்டையைப் படத்தின் மேல் வைத்து மாட்டினால் அட்டையின் துளை 8×10-ஐ விடக் கொஞ்சம் சிறிதாகத்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் கடைசிக் கால் அங்குலத்தில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது.

இனி தெளிவு. பிரிண்டில் ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் மூக்கருகே வைத்துப் பார்த்தாலும் குறையில்லை. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 200 இருந்தாலும் போதும். மேலே சொன்ன முக்கால் உருவம், 2920 பிக்சல் அகலம், 8 அங்குலத்தில் 365 வருகிறது. 12×15-இல் போட்டாலும் 243. ஆக வெட்டிய பிறகும் தைரியமாகப் பெரிதாக்கலாம். சில ஆப்கள் 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி, என்று காட்டும், அதை 300 என்று மாற்றினால் தெளிவு கூடிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது ஃபைலில் எழுதி ஒட்டிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். பிக்சல் எத்தனை என்று பாருங்கள், அதை எத்தனை அங்குலத்துக்குப் பரப்புகிறீர்கள் என்று வகுத்துப் பாருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைத்துவிடும். 6000-இல் மிஞ்சுவது 1600. மேக்ஸி சைஸுக்கு அது போதும், அங்குலத்துக்கு 266 வரும். 12×18-க்குப் பரப்பினால் 90 கூட வராது, அம்மாவின் புடவைக் கரையில் ஜரிகை எது, பட்டு எது என்று தெரியாமல் குழம்பிவிடும். அதனால் அண்ணனுக்குப் படமாக அனுப்பாமல், டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படியே போகும்.

சின்ன ஃபைல் ஒன்றை ஏஐ வைத்துப் பெரிதாக்கித் தரும் ஆப்கள் இப்போது வந்துவிட்டன. கோபுரத்துக்கோ மரத்துக்கோ பயன்படுத்துங்கள், பெற்றவர்கள் முகத்துக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அது இருப்பதைத் தெளிவாக்குவதில்லை, இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. அறுபது வயது முகத்தின் சுருக்கத்தை மெழுகு பூசியது போல் வழித்துவிடும், ஜிமிக்கியில் இல்லாத ஒரு முத்தைச் சேர்க்கும். உங்களிடம் ஒரிஜினல் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

விசா போட்டோவை இந்தப் படத்திலிருந்து வெட்ட வேண்டாம். அமெரிக்க விசாவுக்கு 2×2 அங்குலச் சதுரம், வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி, மோவாயிலிருந்து உச்சந்தலை வரை 1 முதல் 1⅜ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும், நீங்கள் போகப்போவது அடுத்த வருடம். கண்ணாடி போட்டிருக்கக் கூடாது, உங்கள் அப்பா இந்தப் படத்தில் போட்டிருக்கிறார். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஏற்றும் படம் 600-க்கு 600 பிக்சலிலிருந்து 1200-க்கு 1200 வரை, 240 கேபிக்குள். நம் ஊர் பாஸ்போர்ட் சைஸ் 35×45 மில்லிமீட்டர், பான் கார்டு விண்ணப்பத்துக்கு 25×35. இவை ஒன்றுக்கொன்று வேறு வடிவம், ஒன்றை வெட்டி இன்னொன்றாக்கப் போனால் தலை உயரம் கணக்கில் தவறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், எந்த நாட்டு விசா என்று சொல்லி எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரிஜினல் ஃபைலைப் பற்றி. ஒவ்வொரு அளவுக்கும் ஒரிஜினலிலிருந்தே தனித்தனியாக வெட்டுங்கள். 8×10-ஐ வெட்டி, அதிலிருந்து 5×7, அதிலிருந்து இன்னொன்று என்று போகாதீர்கள். வெட்டியதை வேறு பெயரில் சேமியுங்கள், 'அப்பா அம்மா 8×10 முக்கால்' என்று பெயரிலேயே எழுதிவிட்டால் பிற்பாடு தேட வேண்டியதில்லை. இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் பெண்டாட்டியோடு தான் நிற்கும் படத்தைக் கொண்டுவந்தார். அதில் ஓரமாக அவருடைய ஆச்சியும் நின்றிருந்தார்களாம். தம்பதி மட்டும் இருக்கட்டும் என்று வீட்டில் யாரோ வெட்டி, அதே ஃபைல் மேலேயே சேமித்துவிட்டார்கள். அப்புறம் ஆச்சி தவறிவிட்டார்கள். படத்தின் ஓரத்தில் சுங்குடிப் புடவையின் ஒரு பிடி முந்தானையும், பெரியவரின் தோளில் வைத்த நான்கு விரலும் மட்டும் மிச்சம். "இதிலிருந்து ஆச்சியை எடுக்க முடியுமா?" என்று கேட்டார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஃபைலை ஒரு பென்டிரைவிலும், அண்ணனிடமும், நீங்கள் நம்பும் இன்னொரு இடத்திலும் வைத்துவிடுங்கள். மாமாவின் அரை முகத்தோடும் மின்விசிறி ஒயரோடுமே இருக்கட்டும்.

சித்தப்பா மகனிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். அடுத்த முறை முழு உருவம் எடுக்கும்போது இரண்டடி பின்னால் போகச் சொல்லுங்கள், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் தாராளமாக இடம் கிடைக்கும்.

கூடத்தில் மாட்ட 12×15 கேட்டிருக்கிறீர்கள், ஃப்ரேம் வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் 12×15 வேண்டாம், 12×18 போடுங்கள். உங்கள் ஃபைல் அதில் வெட்டே இல்லாமல் அப்படியே உட்காரும், அங்குலத்துக்கு 333 பிக்சல் வருகிறது. ரெடிமேட் கிடைக்காவிட்டாலும் நம் ஊர் ஃப்ரேம் கடையில் பீடிங் சட்டத்தை அளந்து வெட்டித் தருவார்கள். உதடு பாதத்தை மறைக்காமல் இருக்க, படத்தைச் சுற்றி ஒரு அங்குலம் அட்டை வைத்து 14×20 ஆக அடிக்கச் சொல்லுங்கள். அட்டையின் துளையை 12×18-க்கு ஒட்டினாற்போல, மொத்தத்தில் அரை அங்குலம் மட்டும் குறைத்து வெட்டினால் போதும், மெட்டி வரைக்கும் தெரியும்.